செப்புத் தகட்டின் பின்னே ஒரு கை

சேக்ஸ்பியரின் முகம் எதுவென வினவினால் மாணவர் எவரும் தயங்கார். அகன்ற நெற்றி, விறைத்த கழுத்துப்பட்டி, சலனமற்ற பார்வை. 1623ஆம் ஆண்டு வெளியான முதலாவது நாடகப் பெருந்தொகுதியின் முகப்பிலிருந்து உலகெங்கும் பரவிய முகம் அது. ஆயினும் அதனைச் செப்புத் தகட்டிலே செதுக்கிய மாட்டின் ட்ரூஷவுட் என்பாரை அறிந்தோர் மிகச் சிலரே.

பிரசல்ஸ் நகரிலிருந்து இலண்டனிலே குடியேறிய புரட்டஸ்தாந்தக் குடும்பத்தில் வந்தவர் அவர். தந்தை மைக்கேலும் செதுக்குநரே. தந்தையின் உடன்பிறந்தார் ஒருவருக்கும் மாட்டின் என்பதே பெயர், அவர் ஓவியர். ஆதலின் படம் யாருடையது என்ற வாதம் நெடுங்காலம் நிலவியது. 1601இல் பிறந்த இளையவருடையதே என்பது இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை.

படத்தைப் பழித்தோர் பலர். பழிப்பு முற்றிலும் தவறன்று. உடலுக்குப் பொருந்தாத பெருந்தலை, தட்டிலே வைத்ததுபோலக் கழுத்துப்பட்டியின்மேல் இருக்கிறது. ஒளியும் ஒரே திசையினின்று விழவில்லை. இக்குறைகளை மறைப்பது விமர்சனமாகாது. ஆனால் குறையை எண்ணுவதோடு நின்றுவிடுவதும் விமர்சனமாகாது. எந்நிலையிற் பிறந்த படைப்பு இது?

சேக்ஸ்பியர் 1616இல் மறைந்தபோது ட்ரூஷவுட்டுக்கு வயது பதினைந்து. ஏழாண்டுகளின் பின், எதிரே அமர ஆளின்றி, இறந்தவரின் உருவை அந்த இளைஞர் செதுக்கினார். செப்புத் தகட்டு வேலையிலோ பிழை எளிதில் அழியாது. உருவத்தை இடவலம் மாற்றியே வெட்டவேண்டும். அச்செழுத்துக்கு ஓர் அச்சுப்பொறி, தகட்டுக்கு உருளையழுத்தம் கொண்ட வேறொரு பொறி. முகப்புத் தாள் இரண்டினூடும் சென்றது. படத்துக்கு எதிர்ப்பக்கத்திலே பென் ஜோன்சன் எழுதிய பத்தடிச் செய்யுள், செதுக்கியவரைக் குறிப்பிடுகிறது, பெயரைச் சொல்லவில்லை. படத்தை விட்டு நூலைப் பாருங்கள் என்பதே அதன் முடிவு. படத்தின் அடியிலே தம் பெயரைச் சிற்றெழுத்தில் அவரே பொறித்திராவிடில், அதுவும் நமக்குக் கிட்டியிராது.

அத்தகடு 1632, 1663, 1685 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளுக்கும் உழைத்தது. செதுக்கியவரோ 1630களின் நடுப்பகுதியில் கத்தோலிக்க ஸ்பெயினின் மட்றிட் நகரிலே தொழில் செய்தார். மதப்பூசல் கிழித்த ஐரோப்பாவில் அகதிக் குடும்பத்துக் கைவினைஞன் மீண்டும் இடம்பெயர்ந்தான்.

ட்ரூஷவுட் மேதையல்லர். ஆனால் மேதையரின் புகழும் பெயரறியாக் கைகளின் உழைப்பாலேயே மக்களை அடைகிறது. வகுப்பறையிலே அப்படத்தைக் காட்டும் ஆசிரியர், அதன் அடியிலுள்ள பெயரையும் வாசித்துக் காட்டுவாராக.