எழுதுவோனும் இடைநிற்போனும்

ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போது வள்ளலின் கொடைத் திறத்தையும் வழியிடை நிலங்களின் வளத்தையும் விரித்துரைக்கிறோம். வழிகாட்டுபவனைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ, வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, இன்ன வழியே சென்று இன்னாரைக் காண்க என்கிறான். அதற்காக அவ்வறியவனிடம் அவன் பங்கு கேட்பதில்லை. வள்ளலிடமும் தரகு பெறுவதில்லை. கலைஞனுக்கும் புரவலனுக்கும் இடையே நிற்பவன் யாரிடம் கூலி பெறுகிறான் என்னும் வினாவை எழுப்ப இதனினும் சிறந்த தொடக்கம் தமிழில் இல்லை. திரைக்கதை எழுதப் புகும் இளைஞர்க்கு இன்று அதுவே முதல் வினா.

திரைப்பட உரையாடலை ஆராய்ந்தோர் அடுக்குத்தொடரையும் எதுகை மோனையையும் அளந்தனர். அந்த எழுத்து படப்பிடிப்பு நிலையத்தின் வாயிலை எவ்வாறு கடந்தது என்பதை நம் திறனாய்வு தன் பொருளாகக் கொள்ளவில்லை. மு. கருணாநிதியையே எடுத்துக்கொள்வோம். ஜூபிடர் நிறுவனத்தின் ‘ராஜகுமாரி’ (1947) படத்தில் இயக்குநர் ஏ. எஸ். ஏ. சாமியின் பெயருக்குப் பின், உதவியவர் என்ற நிலையிலேயே அவர் பெயர் வந்தது. ‘அபிமன்யு’ (1948) படத்தில் அதுவும் இல்லை. எழுதியது அவர், திரையில் கண்டது பிறர் பெயர். பின்னர்க் கவிஞர் கா. மு. ஷெரீப் அவரைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரத்திடம் அறிமுகப்படுத்தினார். குண்டலகேசிக் கதையைத் தழுவி அவர் எழுதியிருந்த நாடகம் ‘மந்திரி குமாரி’யாக 1950இல் திரைக்கு வந்தது. ஷெரீப் செய்தது ஆற்றுப்படை மரபுக்குரிய செயல். முன்சென்றவன் பின்வருபவனுக்கு வழி சொன்னான். வழி சொல்லப்பட்டபோது வந்தவர் கையில் முற்றுப்பெற்ற நாடகம் ஒன்று இருந்தது என்பதையும் மறத்தலாகாது. எண்ணத்தை மட்டும் சுமந்து வருபவனுக்கு எந்த நண்பரும் வாயில் திறக்க இயலாது.

ஆயினும் நட்பு வாயிலோடு நின்றுவிடும். உள்ளே சென்றபின் ஊதியம், பெயர், திருத்தும் உரிமை ஆகியவற்றை யார் பேசுவது? இதற்கு விடை கிடைக்காமல் நொந்தவர் பலர். அவர்களுள் பெரியவர் புதுமைப்பித்தன். ‘அவ்வையார்’ படத்திற்காக ஜெமினியில் எழுதினார். அப்படம் அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து 1953இல்தான் வெளிவந்தது. தாமே பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி ‘வசந்தவல்லி’ என்னும் படத்தை எடுக்க முனைந்தார், அது நிறைவேறவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே சென்று, காசநோயோடு திரும்பி, 30.6.1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார், அகவை நாற்பத்திரண்டு. இதனை விதி என்றும் வறுமை என்றும் கூறி இரங்குவது எளிது. அது திறனாய்வு ஆகாது. கதையின் கணக்கு வேறு, கம்பெனியின் கணக்கு வேறு. சிறுகதையில் ஒரு சொல் மிகாமல் எழுதிய அதே கை, முதலாளியின் கணக்கையும் எழுத நேர்ந்தது. எழுத்தாளன் தனக்குத் தானே நிர்வாகியாவது விடுதலை போலத் தோன்றும். அவர் வாழ்வு அதற்குச் சான்று தரவில்லை.

அப்படியாயின் இடையில் ஒருவர் வேண்டும். அவர் எத்தகையவர்?

‘மானேஜர்’ என்ற சொல் கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்கு இனிய சொல் அன்று. அது பங்களாவில் இருந்த துரையைக் குறித்தது. அவருக்கும் பால்மரம் வெட்டியவர்க்கும் இடையே கிராணி இருந்தார், தண்டல் இருந்தார், அவர்களுக்கு முன்னரே கங்காணி இருந்தார். கங்காணி நம்மவர், நம் மொழி பேசியவர், நம் ஊரிலிருந்தே ஆள் திரட்டி வந்தவர். ஆனால் வேலைக்கு வந்த ஆள்கணக்குப் பார்த்து அவருக்குத் ‘தலைக்காசு’ கொடுத்தது தோட்ட நிர்வாகம். ஆகவே தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றாலும் அவன் பிரட்டுக்கு வந்து நிற்பதே கங்காணிக்கு வருமானம். அவர் மனத்தால் கொடியவரா நல்லவரா என்பது இங்கு இரண்டாவது செய்தி. காசு வந்த திசை அவரைத் திருப்பியது. 1938இல் இந்திய அரசு ஆள்கட்டுக்குத் தடை விதித்தபின் அம்முறை ஓய்ந்தது. அதன் இலக்கணம் வேறு தொழில்களில் உயிரோடிருக்கிறது.

ஆலிவுட்டிலேயே காணலாம். அங்கே எழுத்தாளனுக்கு முகவர் என்றும் மேலாளர் என்றும் இருவகையினர் உண்டு. வேலை தேடிக்கொடுத்து ஒப்பந்தம் பேசுபவர் முகவர். கலிபோர்னியச் சட்டப்படி அவர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். எழுத்தாளன் பெறும் ஊதியத்தில் நூற்றுக்குப் பத்து அவர் பங்கு. படியைப் படித்துத் திருத்தம் கூறி, யாரைக் காணலாம், எதை முதலில் காட்டலாம் என்று நெறிப்படுத்துபவர் மேலாளர். அவருக்கு உரிமம் வேண்டுவதில்லை. வேலை பேசித் தரும் அதிகாரமும் சட்டப்படி இல்லை. புதியவருக்கு முதலில் வாய்ப்பவர் பெரும்பாலும் மேலாளரே. எழுத்தாளன் பெற்றால்தான் இவர்கள் பெறுவர் என்பதால் இவ்வமைப்பு நேர்மையானது என்று கருதப்பட்டது. நாளடைவில் பெரிய முகவர் நிறுவனங்கள், எழுத்தாளர் நடிகர் இயக்குநர் என எல்லாரையும் ஒருங்கே கட்டிக் கொடுத்துப் படநிறுவனத்திடமிருந்தே தனிக் கட்டணம் பெறத் தொடங்கின. துரையிடம் தலைக்காசு பெற்றதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2019 ஏப்ரலில் தம் முகவர்களை ஒரே வீச்சில் விலக்கினர். இறுதிப் பெருநிறுவனமும் சங்கத்தின் நிபந்தனையை ஏற்றது 2021இல். மேலாளர்பாலும் இவ்விடர் உண்டு. தம் எழுத்தாளனின் படத்திற்கே அவர் தயாரிப்பாளராகிவிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

சென்னையில் எழுத்தாளனுக்கென மேலாளர் அமர்வது அரிது. ‘தயாரிப்பு நிர்வாகி’ நிறுவனத்தின் ஆள். நடிகரின் மேலாளர் நடிகரின் ஆள். புதியவர் காத்திருப்பது இவர்கள் வாயிலிலேதான். அங்கே கதையை வாயால் சொல்வது வழக்கம். சொல்லிய கதை காற்றோடு போயிற்று, தாளில் தடயம் இல்லை. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யும் முறை இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. வருண் ராஜேந்திரன் 2007இல் ‘செங்கோல்’ என்ற பெயரில் பதிந்த கதையோடு ‘சர்கார்’ (2018) ஒத்திருப்பதாகச் சங்கத்தின் தலைவராயிருந்த கே. பாக்யராஜ் கருத்துரைத்தார், இயக்குநர் ஏ. ஆர். முருகதாஸ் அதனை மறுத்தார். வழக்கு உயர்நீதிமன்றத்தில் உடன்பாட்டில் முடிந்து, படத்தில் வருணுக்கு நன்றி தெரிவிக்க இசைவு ஏற்பட்டது. சங்கம் எழுத்தாளரின் சந்தாவால் நடப்பது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆனால் பதிவு வேலை வாங்கித் தராது. களவு போனபின் பேசவே உதவும்.

நம் நாட்டு நிலை இன்னும் குறுகியது. சஞ்சய் குமார் பெருமாள் தாமே எழுதி இயக்கிய ‘ஜகாட்’ (2015), மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வுற்றது; தோட்டம் விட்டுப் பெயர்ந்தோர் வாழ்வு அதன் பொருள். எழுதுபவரே இயக்குவதால் இடைநிற்போர் இலர் என்று மகிழலாம். ஆனால் இயக்கும் ஆற்றலில்லாது எழுத மட்டும் வல்லவர் இவ்வமைப்பில் எங்கே நிற்பார்? பாகான் நக்கோடா ஓமாரில் கடலோரத் தென்னையும் செம்பனையும் கண்டு வளர்ந்த மாணவி ஒருத்தி ஒரு நல்ல திரைக்கதை எழுதினால், அதனைக் கோலாலம்பூருக்கு எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் அறிந்தவர்க்கு அறிந்தவராகவே இருப்பார். பதிப்புரிமை அறிவிப்பை விரும்புவோர் அறிவுச் சொத்துக் கழகத்தில் பதியும் ஏற்பாடு 2012 முதல் இங்கு உண்டு. அதனை அவள் முதலில் செய்யட்டும். பின்னர் வருபவரிடம், எத்தனை ஆண்டுக்கு, எந்தப் படைப்புக்கு, எந்த விழுக்காட்டுக்கு என்பதைத் தாளில் எழுதி வாங்கட்டும். தயாரிப்பாளரிடமும் அவர் தனியே பெறுகிறாரா என்று கேட்பதில் நாணம் வேண்டா. இணையாசிரியராகத் தம் பெயரையும் சேர்க்கச் சொன்னால், எந்தப் பக்கத்தை எழுதினீர் என்று வினவலாம்.

அவர் திருத்தம் சொன்னால் பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும். வெளியார் எவரும் காணுமுன் குறை காண்பதற்கே அவர் இருக்கிறார். படியைப் படிக்காமலே பெரிய இடங்களைச் சொல்லி வருபவரும் இருப்பர். அவர்களிடம், மூன்றாம் காட்சியில் யார் யார் வருகிறார்கள் என்று மெல்லக் கேட்டுப் பார்க்கலாம்.