ஒரு யூனிட்டில் 23,000 கடிகாரம்

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் டைட்டன் ஆலையின் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பொத்தான் செல் இருக்கும். இத்தகைய செல் 1.55 வோல்ட், ஏறக்குறைய 28 மில்லி ஆம்பியர்-மணி. கணக்குப் போட்டால் 156 ஜூல். அதை வைத்துக்கொண்டே முள் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2023இல் ஓலா தன் செல் ஆலைக்கு அடித்தளம் போட்டபோது பேச்செல்லாம் ஜிகாவாட்-மணியில் நடந்தது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க உதவுவது அலகு மாற்றம்தான். நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். அதில் சுமார் 23,000 கடிகாரச் செல்கள் அடங்கும். ஒரு ஜிகாவாட்-மணி என்பது பத்து லட்சம் யூனிட். 4 யூனிட் பேட்டரி கொண்ட ஸ்கூட்டர் என்றால் இரண்டரை லட்சம் வண்டிக்குப் போதும். பெரிய எண் இப்படி வண்டிக் கணக்காக இறங்கி வரும்போதுதான் ஆலையின் அளவு மனதில் பதிகிறது. இந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

அன்றாடம் இந்த மாற்றம் நடக்கும் இடம் உயரழுத்த மின் மீட்டர். 11,000 வோல்ட்டையும் அதில் ஓடும் கரண்டையும் அப்படியே மீட்டருக்குள் விட முடியாது. மின்மாற்றிகள் வோல்ட்டை நூறில் ஒன்றாகவும், 50 ஆம்பியரை 5 ஆகவும் குறைத்துக் கொடுக்கின்றன. சில மீட்டர்கள் அந்தக் குறைந்த அளவையே காட்டும். மாத வித்தியாசம் 120.4 என்று வந்தால், ஆயிரத்தால் பெருக்கி 1,20,400 யூனிட் என்று எழுத வேண்டும். அந்தக் கடைசி 4ஐ விட்டால் 400 யூனிட் போச்சு. பெருக்கும் காரணி தவறாகப் பதிவானால் மாதாமாதம் பில்லே பிசகும்.

ஆனாலும் இது எண்ணில் நேரும் பிசகு. மீட்டரைச் சோதித்துத் திருத்திவிடலாம். கணக்கு சரியாகவே இருந்து முடிவு தவறுவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் சிறு ஆலைகள் ஜெனரேட்டரை நம்பியே ஓடின. ஒரு லிட்டர் டீசலில் உள்ள வெப்பத்தை மாற்றினால் சுமார் 10 யூனிட். ஜெனரேட்டரிலிருந்து கிடைத்ததோ மூன்று, மூன்றரை. மிச்சம் புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போனது. அலகு மாற்றம் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே சரக்காக எண்ணுகிறது. லேத்தை ஓட்டுகிறவருக்கு அவை ஒன்றல்ல.

எரிசக்தித் தணிக்கையிலும் இதே குறைதான். ஒரு யூனிட்டை 860 கிலோகலோரி என்று மாற்றி, எண்ணெய்க்கு நிகரான டன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த யூனிட்டை உண்டாக்க நிலக்கரி நிலையத்தில் 2,500 கிலோகலோரி அளவுக்கு எரிந்திருக்கும். பாய்லரை விட்டு மின் ஹீட்டருக்கு மாறும் ஆலை, இந்தக் கணக்கில் உண்மையில் இருப்பதைவிடச் சிக்கனமாகத் தெரியும்.

செய்திகளில் இன்னொரு குறை: ஜிகாவாட்-மணியில் உள்ள 'மணி' உதிர்ந்து வெறும் ஜிகாவாட் ஆகிவிடுகிறது. ஆலையின் திறன் 'ஆண்டுக்கு' என்பதும் கூடவே காணாமல் போகிறது. மின் நிலையத்தையும் பேட்டரித் தொழிற்சாலையையும் வாசகர் குழப்பிக்கொள்ள இது போதும். தணிக்கையில் நேரும் குறைக்கு வழி எளிது: அறிக்கையில் வெப்பத்துக்கு ஒரு பத்தி, மின்சாரத்துக்கு ஒரு பத்தி என்று தனித்தனியே போட்டு, மாற்றிய கூட்டுத்தொகையைக் கடைசியில் தந்தால் போதும். கூடுதலாக ஆவது ஒரு வரி மைதான்.