கயிற்றை நம்பி எழும் தேர்

வைகாசி பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள், காஞ்சிபுரம் காந்தி சாலைத் தேரடியில் வரதராஜப் பெருமாளின் தேரைப் பார்க்க வருகிறவர்கள் உச்சியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் முதலில் போவது கயிற்று முடிச்சுகளுக்கு.

தேரில் நிரந்தரமானது அடிப்பாகம்: சிற்பம் செதுக்கிய மரத்தட்டுகள், அச்சு, சக்கரம். மேலே எழும் கோபுரம் அந்தத் திருவிழாவுக்கென்றே கட்டுவது. மரக்கால், மூங்கில், கயிறு, தேர்ச்சீலை, உருளை வடிவில் தொங்கும் துணித் தொம்பைகள். விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

இவ்வளவு உயரத்தைக் கயிற்றை நம்பிக் கட்டலாமா? தாராளமாகக் கட்டலாம். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மூங்கில் வளைந்து கொடுக்கிறது, கட்டு சற்றே நெகிழ்ந்து குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ஆணியடித்து இறுக்கினால் அந்த இடத்தில்தான் மரம் பிளக்கும்.

கவலையெல்லாம் கீழேதான். பல கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்கள் வந்துவிட்டன. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே உண்டு. ஆனாலும் தேரைத் திருப்புவது இன்றும் முட்டுக்கட்டை போடுபவர்தான். உருளும் சக்கரத்தின் முன்னே கட்டையைச் சாய்வு பார்த்துச் செருகிவிட்டு, சட்டென்று கையை எடுத்துவிட வேண்டும். தேரோட்டத்தில் இதைவிடப் பெரிய திறமை இல்லை என்பேன்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வீதியையும் பார்த்தாக வேண்டும். வடம் பிடிக்கப் போகிறவர்களே, சக்கரத்தை ஒட்டி நடக்காதீர்கள். முட்டுக்கட்டை போடுபவருக்கு இடம் விடுங்கள்.