விழாதவர் தலைக்குள் ரத்தம்

மூளை உறைகளுக்கு நடுவில் மெல்ல ரத்தம் தேங்குவது பற்றி வில்ஃப்ரெட் ட்ராட்டர் 1914ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு.

1857ல் விர்ச்சோ இதை உறையின் அழற்சி என்றார். ட்ராட்டர் மறுத்தார்: அடிபட்டுச் சிரை கசிவதே காரணம், அந்த அடி ரொம்ப லேசாகக்கூட இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இது சரிதான். ஆனா இந்த "லேசான அடி"யை வச்சுக்கிட்டா விளக்கம் தோற்கவே தோற்காது. விழுந்த ஞாபகம் இல்லையா? மறந்திருப்பார்!

பரவிய புற்றுநோய் இதற்கு எதிர் உதாரணம். மார்பகம், புராஸ்டேட், நுரையீரலில் தொடங்கிய புற்று டியூரா என்ற வெளி உறையிலும் போய் உட்காரலாம். அங்கே சிரைகள் அடைபடும், புதிதாக முளைத்த மெல்லிய நாளங்கள் கசியும். எலும்பு மஜ்ஜைக்கும் பரவினால் ரத்தத் தட்டணுக்கள் குறையும். அடியே வேண்டாம். சாதாரண சிடி ஸ்கேனில் ரத்தம் மட்டும் தெரிந்து புற்று மறைந்துவிடலாம். வடிச்சு விட்டாலும் திரும்பச் சேரலாம். அறுவையின்போது உறையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிய வாய்ப்புண்டு. அடிதான் என்று முடிவு கட்டியவர் அதை ஏன் எடுக்கப் போகிறார்?

கூட இருந்து பார்த்துக்கொண்டவர் பாடு இன்னும் மோசம். "கீழ விழ விட்டுட்டீங்களா?" என்பது அவர் காதில் பழியாகத்தான் விழும்.

மந்தை உணர்வு பற்றிப் புத்தகமே எழுதியவர் ட்ராட்டர். அவர் சொன்னதையே மந்தையாகப் பின்தொடர வேண்டாமே. அடிபட்டதா என்று கேட்கும்போதே, புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்கலாம்.