உந்துதலும் போலியும்

பிறர் படைப்பொன்றைக் கண்டவிடத்துக் கவிஞன் உள்ளத்தில் இருவகை உணர்வு தோன்றலாம். ஒன்று, படைப்பின்மீது எழும் வேட்கை; மற்றையது, படைத்தோன் புகழ்மீது எழும் அழுக்காறு. முன்னது உந்துதலாகும், பின்னது போலியையே ஈனும்.

அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் (1927–1971) ‘குறும்பா’ (1966) முன்னதற்குச் சான்றாகும். எட்வேட் லியர் 1846 இல் வெளியிட்ட நூலாற் பரவலான ‘லிமரிக்’ என்னும் ஐந்தடி ஆங்கில நகைப்பாவே அதன் மூலம். மஹாகவி அவ்வடிவத்தைத் தமிழ்த் தொடைகளாற் கட்டினார். லியரின் பொருளற்ற வேடிக்கையை விடுத்து, தம் சமூகத்தின் முரண்பாடுகளை எள்ளினார். லியரை அறியாதவரும் குறும்பாவைச் சுவைக்கலாம்.

அழுக்காறுடையோன் பார்வை பிறர் புகழிலேயே நிலைத்துவிடுவதால், தன் மண்ணைக் காணாது. அவன் ஆக்கம் மூலத்தின் ஓசையோடு நின்றுவிடுவது அதனாலேயாகும். கடன் கொண்டவன் அக்கடனால் எதனைப் புதிதாகக் கண்டான் என்பதே திறனாய்வாளன் எழுப்பவேண்டிய வினா.