விகடனுக்கு உப்பிட்டவர்கள்

பழைய 'ஆனந்த விகட'னைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாலியின் கோடுகளைப் பற்றிப் பேசுவார்கள். தேவனின் சாம்புவைப் பற்றி, கல்கியின் நடையைப் பற்றிப் பேசுவார்கள். விளம்பரங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தொடர்கதையைப் பைண்டு செய்து வைத்த நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான். விளம்பரப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியைத் தைத்தார்கள். இந்தக் கிழிப்பு பிறகு நம் விமர்சனத்தின் பழக்கமாகவே ஆகிவிட்டது. சிரிப்பு பிரதி, விளம்பரம் பிரதிக்கு வெளியே கிடக்கும் வியாபாரம். இந்தப் பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. விகடனைப் பொறுத்தவரை நகைச்சுவை வளர்ந்ததே விளம்பரத்தின் வீட்டில்தான் என்று நினைக்கிறேன்.

1926-இல் பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய பத்திரிகை அது. 1928-இல் அதை வாங்கிய எஸ்.எஸ். வாசன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவர், தபாலில் சரக்கு விற்றவர். தான் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகை நின்றுபோனதே என்று விசாரிக்கப் போய், எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்குப் பெயரை வாங்கினார் என்று சொல்வார்கள். வாசகன் ஒரு வாங்குபவன் என்பதைக் கண்டுகொண்ட மனிதர் பிறகுதான் அவனைச் சிரிக்கவைக்க வந்தார். இது வாசன் ஒருவரின் கதையுமல்ல. 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1908-இல்தான் 'ஆந்திர பத்திரிகா'வைத் தொடங்கினார். தைலம் முந்தி, பத்திரிகை பிந்தி. நம் வெகுஜன இதழியலுக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் இருக்கிறது.

விளம்பரம் பக்கத்தின் ஓரத்தோடு நின்றுவிடவும் இல்லை. கல்கியின் 'தியாக பூமி' விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே படத்தின் காட்சிகளே அதற்குப் படங்களாக அச்சாயின. 1939-இல் படம் திரைக்கு வந்தது. கதை படத்தை விற்றது, படம் கதையை விற்றது. இதில் எது விளம்பரம், எது இலக்கியம் என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சரி, துணுக்குக்கு வருவோம். நகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். விகடன் வகைத் துணுக்குகள் பெரிதும் பின்னிரண்டில்தான் குடியிருக்கின்றன. ஞாபக மறதிக்காரர், தலைவலிக்காரர், வழுக்கைத் தலையர், ஆபீஸில் தூங்கும் குமாஸ்தா, பெண்டாட்டிக்குப் பயந்தவர். இப்போது பக்கத்தைத் திருப்புங்கள். மூளைக்கு டானிக், தலைவலிக்குத் தைலம், வழுக்கைக்குக் கூந்தல் எண்ணெய், சோர்வுக்கு லேகியம், மனைவிக்குச் சேலை. துணுக்கு எந்தக் குறையைப் பார்த்துச் சிரிக்கிறதோ அதற்கு விளம்பரம் மருந்து விற்கிறது. சிரிப்பவன் தன் உடம்பை ஒரு பற்றாக்குறையாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். யாரும் உட்கார்ந்து போட்ட சதித்திட்டமில்லை இது. இரண்டுக்கும் ஒரே வீடு, ஒரே கூடம், அவ்வளவுதான்.

அந்த வீடு யாருடையது என்பதில்தான் எனக்கு அக்கறை. எள்ளலைப் பேராசிரியர் இரண்டாக வகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளத் தான் நகுவது. கணவன் மனைவியும் மாமியார் மருமகளும் மாட்டிக்கொள்ளும் துணுக்குகளில் இரண்டாவது வகை இருக்கிறது. மேல்சாதி நடுத்தர வர்க்கம் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறது. அதில் ஒரு செல்லம் உண்டு. ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் — வேலைக்காரன், ரிக்ஷாக்காரன், பிச்சைக்காரன், ஜேப்படிக்காரன் — வந்தவுடன் சிரிப்பு முதல் வகைக்கு மாறிவிடுகிறது. இவர்கள் டானிக் வாங்குகிறவர்கள் அல்ல. விளம்பரம் இவர்களை விளித்துப் பேசுவதில்லை. விளம்பரம் யாரை விளிக்கவில்லையோ அவர்களைத் துணுக்கு தாராளமாகக் கேலி செய்யலாம். விளம்பரப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்தால் இந்த ஒழுங்கு கண்ணில் படாது.

'விகடன் அதிகாரத்தை எதிர்க்கவில்லையா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். எதிர்த்தது. 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பற்றிய ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் சிறைக்குப் போனார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரத்தை ஒட்டி விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் விகடகவி கேலி செய்ய வேண்டியது தனக்குச் சோறு போடும் ராஜாவை. இங்கே சோறு போட்டது சட்டமன்றமல்ல. மந்திரியைக் கேலி செய்த துணுக்குகள் ஏராளம் படித்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்துத் தைலத்தைப் பெயர் சொல்லிக் கேலி செய்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அப்படிச் செய்த பத்திரிகை ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1952-இல் ஹார்வி கர்ட்ஸ்மன் ஆசிரியராக, வில்லியம் கெய்ன்ஸ் வெளியீட்டாளராகத் தொடங்கிய 'மேட்'. 1957 முதல் 2001 வரை அது காசுக்கு விளம்பரம் வாங்கவில்லை. வாங்காததால் சிகரெட், மது, பற்பசை விளம்பரங்களை அச்சு அசலாகப் போலிசெய்து நாறடிக்க முடிந்தது. இதைத் தியாகம் என்று தூக்கிவைக்க வேண்டியதில்லை. 1970-களின் நடுவில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை அது. அறுபதுகளிலேயே பெரிய கம்பெனியின் கைக்கும் போய்விட்டது. வாசகனின் காசு போதுமானதாக இருந்தது, அதனால் முதலாளிகளின் சரக்கைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. 2001-இல் விளம்பரம் உள்ளே வந்தது. 2019-இல் புதிய விஷயங்கள் பெரும்பாலும் நின்று, மறுபதிப்புப் பத்திரிகையாக ஆயிற்று.

இதைப் படிக்கும் சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு உடனே ஒரு பெருமிதம் வரும்: நாங்கதான் விளம்பரமே போடறதில்லையே! உண்மைதான். சந்தாவிலும் நன்கொடையிலும் நண்பர்களின் கைக்காசிலும் ஓட்டுகிறோம். ஆனால் உப்பிட்டவர்கள் நமக்கும் உண்டு. நம் சந்தாதாரரைப் பார்த்து, நன்கொடையாளரைப் பார்த்து, நம் கோட்பாட்டு மோஸ்தரைப் பார்த்து நாம் எப்போது சிரித்தோம்? குடிஅரசின் நையாண்டியும் புதுமைப்பித்தனின் குத்தலும் நம் பக்கத்துச் சொத்துகள். அவற்றை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதுகிறோம். எழுதுகிற கட்டுரையில் சிரிப்பு இல்லை. விளம்பரத்தோடு சிரிப்பையும் வெகுஜனப் பத்திரிகைக்கே விட்டுக்கொடுத்துவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அந்த வீட்டைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை அச்சேற்ற எந்தத் தைலக்காரரும் பணம் தரப்போவதில்லை. நாம்தான் இடம் ஒதுக்க வேண்டும் — அது நம்மைப் பார்த்தும் சிரிக்கும் என்று தெரிந்தே.