தலையெழுத்தும் சிவப்பு மையும்

எழுத்தாற்றல் பிறவியிலே வருவதாம்! நாமகள் கடைக்கண் பார்த்தால்தான் நாலு வரி நன்றாக அமையுமாம்! அமையவில்லையா? தலையெழுத்து! இப்படிச் சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு வேலை மிச்சம். மாணவனுக்கோ வாழ்வே நட்டம்.

இந்தப் புரட்டைப் பொடியாக்கிய நூலொன்றை இங்கு நாம் ஆய விழைகிறோம். மினா ஷானஸி எனும் அமெரிக்க அம்மையார் எழுதி, 1977-இல் வெளிவந்த 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்ற ஆங்கில நூல் அது.

நூல் பிறந்த கதையே ஒரு போராட்டக் கதை. 1969-இல் நியூயார்க் சிட்டி கல்லூரியிலே கறுப்பின மாணவரும் போர்ட்டோ ரிக்கோ மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். 1970-இல் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது. நகரத்துப் பள்ளியிறுதி தேறியோர்க்கெல்லாம் இடம் கிடைத்தது. ஏழைகள் வந்தனர்; எழுதினர். அவர்தம் ஏடுகளைக் கண்ட பேராசிரியர் பலர் கைவிரித்தனர். ஷானஸி கைவிரிக்கவில்லை. சற்றேறக்குறைய 4,000 கட்டுரைகளை எடுத்து வரிவரியாகப் படித்தார்.

கண்டது என்ன? பிழைக்கும் காரணம் உண்டு என்பதை! காட்டாக, இறந்த காலத்துக்கு 'எட்' சேர்க்க வேண்டும் என்று கற்ற மாணவன், 'காட்' என எழுத வேண்டிய இடத்தில் 'கேட்ச்ட்' என எழுதுகிறான். அவன் அறிவிலியா? இல்லை, கற்ற விதியை எல்லை கடந்தும் பின்பற்றியவன். காரணம் கண்ட ஆசிரியர் அந்த எல்லையைக் காட்டுவார். காணாதவரோ சிவப்பு மையால் வட்டமிடுவார். வட்டம் பெருகும், மாணவன் வாய் மூடும்.

நூலில் நாம் காணும் குறையும் உண்டு. கையெழுத்து, நிறுத்தற்குறி, தொடரமைப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வளம் எனப் பிழைகளுக்கே இயல்கள் பல. வாக்கியத்தைத் தாண்டிய கட்டுரைக் கட்டுக்கோப்புக்கு ஓர் இயல்தான். எழுதுகிறவன் உள்ளத்தில் எண்ணம் எப்படி உருவாகிறது? அதனை ஜேனட் எமிக் 1971-இலேயே ஆய்ந்திருந்தார். பள்ளியிறுதி மாணவர் எண்மரை, எழுதும்போதே எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். திட்டம், எழுத்து, திருத்தம் என்று பாடநூல் வகுத்த நேர்ப்பாதையில் எவரும் நடக்கவில்லை. நின்றனர், திரும்பினர், மாற்றினர், மீண்டும் நடந்தனர்.

இவ்விரு ஆய்வுகளையும் இணைத்துப் பார்த்தால், எழுத்துப் பயிற்சியில் துணைநிற்போர் கடமை விளங்கும். ஏட்டைப் பிடுங்கித் திருத்துவது எளிது. ஏடு அழகாகும், எழுதியவன் அப்படியே இருப்பான். "இங்கே என்ன சொல்ல எண்ணினாய்?" என்று கேட்பது கடினம்; ஆனால் அந்தக் கேள்விதான் அவனை வளர்க்கும். பயிற்சி நிலையத்தின் நோக்கம் நல்ல எழுத்தாளரை ஆக்குவதே என்று ஸ்டீபன் நார்த் 1984-இல் எழுதியதும் இதனாலேயே.

1847-இல் தோன்றிக் கட்டணமின்றிக் கற்பித்து வந்த அந்த நிறுவனம், 1976-இல் கட்டணம் விதித்தது. அதற்கடுத்த ஆண்டு இந்நூல் வந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கதவைத் திறப்பது ஒரு போர். நுழைந்தவன் கையில் பேனா நிலைக்கச் செய்வது அதனினும் நீண்ட போர்.

இளைஞர்களே! இரவுப் பள்ளியிலோ படிப்பகத்திலோ தம்பியொருவன் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டுவான். சிவப்புப் பேனாவைக் கீழே வையுங்கள். முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்.